கேம் மேல் போட்ட பழி

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு பேச்சுக்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். நம் மலையூர் செம்மநத்தத்தில் சிக்னல் போவது அதிசயமா என்ன, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சிக்னல் போகவில்லை. நான்தான் போனைக் கட் செய்தேன். ரேவதி உன்னிடம் சொல்லாமல் கூட வேலை பார்க்கிற பெண்களோடு சினிமாவுக்குப் போய்விட்டாள் என்று ஆரம்பித்தாய். கடைசியில் சிரித்துக்கொண்டே, "நாலு அறை விட்டாத்தானுங்கப்பா இவ அடங்குவா" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். ஆனால் அந்த 'அடங்குவா'வில் குரலை இறக்கி, பல்லைக் கடித்து முடித்தாயே, அது என் பழக்கம். என் குரல் நீ வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து எனக்கே திரும்பக் கேட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணமாகி அந்தப் பெண் உன் வீட்டுக்கு வரப்போகிறாள். அவளை நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் போனில் பேச முடியாது. பேச ஆரம்பித்தால் என் குரல் ஏறும், உன் குரல் அதற்கு மேல் ஏறும், நடுவில் அம்மா போனை வாங்கி "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டு முடித்துவிடுவாள். நம் வீட்டில் பெரிய விஷயங்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. முப்பது வருடம் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவன் நான். எழுதும்போது மட்டும் என் கை ஓரளவு நிதானமாக இருக்கும். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. ரேவதியிடம் கொடு. பள்ளிக்கூட மேடையில் நான் பேசியதைக் கேட்டுக் கைதட்டிய அப்பா அம்மாக்கள் யாருடைய கையிலாவது இது கிடைத்தாலும் நல்லதுதான். அன்றைக்கு அவர்களிடம் நான் பொய் சொன்னேன்.

அப்போது உனக்குப் பதினாறு வயது. நீயும், வெள்ளக்கடை ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும், கரடியூர் ஜோசப்பும் சாயங்காலமானால் தண்ணீர்த்தொட்டி மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். அங்கேதான் இரண்டு கோடாவது சிக்னல் வரும். நாலு பேரும் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி கேம். வேலை முடிந்து அந்த வழியாக வருவேன். "பின்னால வர்றான் பாரு", "அடி, அடி", "செத்தான்டா" என்று ஒரே கூச்சல். மூன்று தடவை கூப்பிட்டாலும் உன் காதில் விழாது, கண் இமைக்காது. ஒரு நாள் போனைப் பிடுங்கினேன். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேமை நான் மனதார வெறுத்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இப்போது அதற்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டேன் என்று நினைப்பாய்.

அதே வருடம்தான் மணியோடு நமக்குத் தகராறு முற்றியது. நம் காபித் தோட்டத்துக்குக் கீழ்ப் பக்கம் அவன் தோட்டம். நம் நிலத்து வழியாக அவனுக்கு நடைத்தடம் உண்டு. அது என் அப்பா காலத்து ஏற்பாடு. நடக்கிற தடத்தில் அவன் ஜீப்பைக் கொண்டுவந்தான். மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரம் ஒன்றில் இடித்தும் வைத்தான். கேட்டால், "தடம்னா தடந்தானுங்க, காலுக்கு ஒண்ணு வண்டிக்கு ஒண்ணுனு இருக்குதா?" என்று திருப்பிக் கேட்டான். அன்றிலிருந்து நம் வீட்டில் சோற்றோடு சேர்த்து மணியையும் பரிமாறினேன். தட்டில் கை வைத்தால் அவன் பேச்சு, கை கழுவும்போதும் அவன் பேச்சு. "ஒரு நாளைக்கு இவன் கால்ல சுட்டாத்தான் அடங்குவான்." இதை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நீ எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். ஒரு நாளும் நீ பதில் சொன்னதில்லை, தலையை மட்டும் ஆட்டுவாய். மகன் நம் பக்கம் என்று எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

துப்பாக்கி வீட்டில் இருந்தது. பன்றி விரட்ட என் அப்பா லைசென்ஸ் வாங்கிய பழைய துப்பாக்கி. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் நாரும் ஈயக்குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை கெட்டித்துவிட்டால் சுட்டுத்தான் காலி செய்ய முடியும். சும்மா சுட்டால் சத்தம் கேட்டு ஃபாரஸ்ட் கார்டு வந்து நிற்பார், என்ன சுட்டாய், கறி எங்கே என்று வீட்டுப் பானையைத் திறந்து பார்ப்பார். அந்தத் தொல்லைக்குப் பயந்து, பன்றி வராத நாளில் கெட்டித்தது கெட்டித்தபடியே சுவரில் மாட்டிவிடுவோம். நம் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்த பலரும் செய்ததுதான். தீப்பொறி கொடுக்கிற கேப்பைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டால் ஆபத்தில்லை என்பது எங்கள் நினைப்பு. கேப்பு இருந்த பவுடர் டப்பாவைப் பன்றி வருகிற சமயத்திலெல்லாம் உன்னைத்தான் எடுத்துவரச் சொல்வேன். கார்டுக்குப் பயந்த எனக்குச் சொந்த வீட்டை நினைத்துப் பயம் வரவில்லை.

அது காபிப் பழம் பறிக்கிற காலம், காலை ஏழு மணி இருக்கும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. எஸ்டேட்டில் நான் ஆள்களின் பெயரைக் கூப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பக்கம் மணி ஜீப்பை நிறுத்தி, தடத்தில் இருந்த நம் காபி மூட்டையை ஓரம் வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சத்தம் போட்டிருக்கிறான். அவள் பதில் பேசியிருக்கிறாள். அவன் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. உள்ளே படித்துக்கொண்டிருந்த நீ எழுந்து, துப்பாக்கியை எடுத்து, டப்பாவைத் திறந்து, கேப்பைப் பொருத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறாய். நாலைந்து காரியம், கண்ணு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்த நேரம் இருந்தது. வெடிச் சத்தம் எஸ்டேட் வரைக்கும் கேட்டது. நான் பேனாவை நிறுத்தி, "எவனோ பன்னியப் போட்டுட்டானுங்கோ, மத்தியானம் கறி கெடைக்கும்" என்றேன். பறிக்கிற பெண்கள் சிரித்தார்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு பையன் வண்டியில் வந்து விஷயத்தைச் சொன்னான்.

மணிக்கு இடது முழங்காலில் பட்டிருந்தது. அவன் ஜீப்பிலேயே அவனைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தான். அந்தக் கால் மட்டும் அதன் பிறகு மடங்கவில்லை. மத்தியானத்துக்குள் எஸ்ஐ நம் வாசலுக்கு வந்துவிட்டார். நீ சுவரோரம் உட்கார்ந்திருந்தாய், அழவில்லை. "ஏன்டா சுட்டே?" என்று கேட்டார். நீ அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். "எங்கப்பாதானுங்க சொன்…" என்று ஆரம்பித்தாய்.

அந்தப் பேச்சை நீ முடிக்கவில்லை. வாயிலேயே அறைந்தேன். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. அறைந்த கையோடு எஸ்ஐ பக்கம் திரும்பி, "கேம் ஆடி ஆடி இவனுக்கு மூள கெட்டுப் போச்சுங்க சார். செத்தவன் மறுக்கா எந்திரிச்சு வருவான்னு நெனச்சுட்டானுங்க" என்று கத்தினேன். அதற்கு முன் அந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை. வாய் தானாகக் கண்டுபிடித்தது. எஸ்ஐ பெருமூச்சு விட்டு, "எல்லா ஊட்லயும் இதே கூத்துதாங்க. எம் பையனும் அதுலதான் கெடக்கறான்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார். இப்போது யோசித்தால் அந்தப் பதில் எல்லோருக்கும் தோதாக இருந்தது. அவருக்கு எழுதச் சுலபம், பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி, சொந்தக்காரர்களுக்குப் பேச ஒரு கதை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நம் வாசலில் வைத்தே நான் நடத்திக் காட்டினேன்.

அதோடு விட்டேனா? சேலத்தில் சிறுவர் வழக்கை விசாரிக்கிற வாரியத்துக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குப் பாடம் எடுத்தேன். "மேடம் கேட்டா கேமுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத." நீ அப்படியே சொன்னாய். அங்கே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற அந்த மேடம் உன்னைத் தனியாகக் கூட்டிப்போய் எத்தனையோ விதமாகக் கேட்டும், "கேம்தானுங்க மேடம்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாயாம். என் லைசென்ஸ் ரத்தானது, துப்பாக்கி போனது, உன்னை எங்கள் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அனுபவப்பட்ட தகப்பன் நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நல்ல பிள்ளையை ஒரு செல்போன் எப்படிக் கொலைகாரனாக்கப் பார்த்தது என்று பேசினேன். கைதட்டினார்கள். ஒரு அம்மா அழுதே விட்டாள். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். மேடையிலிருந்து உன்னைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு மாலை வேறு போட்டார்கள்.

அந்தக் கேம்தான் காரணமா என்று இன்றைக்கு நீ என்னைக் கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. படித்தவர்களே ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். விரல் தயங்காமல் இழுத்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு துளி உதவியிருக்கலாம். இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாலு பேர் ஆடினீர்கள். வெள்ளக்கடைக்காரர்களில் ஒருவன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான், இன்னொருவன் பஸ் ஓட்டுகிறான். ஜோசப்புக்குக் குழந்தை பிறந்துவிட்டது, இன்னமும் சாயங்காலம் அதே கேமை ஆடுகிறான், கோழி அறுக்க மட்டும் சம்சாரத்தைக் கூப்பிடுகிறான். மணி யார் என்று அந்தக் கேமுக்குத் தெரியாது. காலில் சுடு என்று அது உன்னிடம் சொல்லவில்லை. கேப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் அது காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து நீ கேமைத் தொட்டதே இல்லை. எட்டு வருடம். அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பெருமைப்பட்டேன். நோய் அதில்தான் இருந்தது என்றால் இந்நேரம் நீ குணமாகியிருக்க வேண்டுமே.

போன மாதம் ரேவதியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானம் நல்ல வெயில். அவள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. சாப்பிடக் கை கழுவும்போது ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். அம்மா அவளுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் தோட்டத்தில் காட்டெருமை இறங்கிய கதையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ரேவதி சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சரியாகச் சிரித்தாள், ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை மணி வீட்டுக்குப் போனேன். எட்டு வருடத்தில் முதல் தடவை. அவன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "எனக்கு அப்பவே தெரியுமுங்க. டீக்கடைல நீங்க பேசுன பேச்சு என்ற காதுக்கு வராமயா இருக்கும்? பையன் படிக்கிற பையனாச்சேன்னுதான் கோர்ட்டுல வாயத் தொறக்கல" என்றான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் அதைப் பார்க்காதவன் மாதிரி, "கல்யாணமாமே? பொண்ணூட்டுல இதெல்லாஞ் சொல்லிட்டீங்ளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "என்ற கால் போனது போச்சுங்க. அந்தப் புள்ளைக்கு என்னத்த வெச்சிருக்கீங்க?" என்றான். அவன் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், சாமி. ரேவதியிடம் நடந்ததைச் சொல். கேமைச் சேர்க்காமல் சொல். நீ சுட்டதைச் சொல், உன் அப்பன் வருடம் முழுக்க ஓதியதைச் சொல், போலீஸ் முன்னால் உன் வாயை அடைத்ததையும் சொல். அவள் கையைப் பிடித்து முறுக்கியபோது உனக்குள் என்ன ஓடியது என்று நீயே உட்கார்ந்து யோசித்துப் பார். யாரிடமாவது போய்ப் பேசு. ஓசூரில் அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. அன்றைக்கு அந்த மேடத்திடம் உன்னை நான் பேச விட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. எல்லாம் கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்று சொன்னால் தலை குனிந்து ஒத்துக்கொள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க நான் இன்னும் கொடுக்கவில்லை. அச்சகத்தில் கூட்டம் என்று உன்னிடம் சொன்னது இன்னொரு பொய்.

இதுவரைக்கும் எழுதி, இத்தோடு சரி என்று பேனாவை மூடிவைத்தேன். மனசு லேசானது போலவும் இருந்தது. காலையில் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். காபி காய்கிற களத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் படித்தாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவ்வளவு மூடன் நான். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "ஏனுங்க, நாலு அறைங்கறது அவனுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதவே இல்லியே?" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கை கூட லேசாக எழும்பியது. இந்த வயதில், இந்தக் கடிதத்தை எழுதிய பிறகும், எழும்பியது. அம்மா நகரவில்லை. "அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதுகிறேன். உன் அம்மாவை நான் அடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு லேட்டாக வந்ததற்கு, அவள் அண்ணன் வீட்டுக்குக் கேட்காமல் போனதற்கு, சில நாள் எதற்கு என்றே எனக்கு நினைவில்லை. அடித்துவிட்டு, உன்னைப் பார்த்து, "நாலு அறை விட்டாத்தான்டா இவ அடங்குவா" என்று சிரிப்பேன். அப்போது உனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. முதலில் அழுதாய். பிறகு அழுவதை விட்டாய். அப்புறம் ஒரு நாள் நான் சிரித்தபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். அன்றைக்கு நம் வீட்டில் செல்போனே கிடையாது. மணியை நீ சுட்ட காலையில் அம்மாவை ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான் என்றுதானே துப்பாக்கியை எடுத்தாய்? அதே வார்த்தையை அவளிடம் நான் சொன்ன நாட்களில் நீ எங்கே போவது, யாரைச் சுடுவது? இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை பக்கம் மணியைப் பற்றி எழுதினேன் போலிருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவிடமே நான் இன்னும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி ரேவதியைப் பெற்றவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் நீயே சொல்லியிருந்தால், நான் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வேன். சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். நீ என்னோடு பேசாமல் போனாலும் தாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண் களத்தில் உட்கார்ந்து ஒரு நாள் இப்படி ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டி வரக் கூடாது.

அம்மா இப்போது பீரோவிலிருந்து புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் போய்விட்டு வருகிறேன், உனக்கு எதற்கு இந்தச் சங்கடம் என்றேன்.

"நானும் வர்றனுங்க," என்றாள். "நீங்க பாதியத்தான் சொல்லுவீங்க."

இப்படிக்கு,
உன் அப்பன்